நாலு வீலும் இழுக்கும்

ஜீப்புக்குள் தண்ணீர் வந்துவிட்டது. இசக்கிப்பாண்டி வேட்டியைத் தொடைக்கு மேலே சுருட்டிக்கொண்டு, மடியிலிருந்த கம்மல் பெட்டியைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். தங்கை மகளுக்குக் காது குத்திப் போட வேண்டிய கம்மல் அது.

"வண்டிய ஆஃப் பண்ணிராதேயும்வே!" என்று கத்தினார்.

"நான் எங்க அண்ணாச்சி ஆஃப் பண்ணினேன்? அதா நின்னு போச்சு," என்றார் டிரைவர் சுவாமிதாஸ். "இனி சாவியத் திருப்பப் பிடாது. எஞ்சினுக்குள்ள வெள்ளம் கேறியிருந்தா மொத்தமும் தீந்துரும், பாத்துக்கிடுங்க."

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போல இருந்தது இசக்கிப்பாண்டிக்கு. இன்றைக்கா இந்த வண்டி நிற்க வேண்டும்?

தங்கை கலைச்செல்வி வாக்கப்பட்டது கருமலை எஸ்டேட்டில். பஸ் எட்டிப் பார்க்காத ஊர். கடைசிப் பாதை முழுக்கப் பாறையும் சேறும்தான், நடுவில் பாலமில்லாத ஆறு வேறு. போன வருஷம் இதே காதுகுத்துக்கு நகரத்தில் ஆரியசாலையிலிருக்கும் தன் மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு வாடகைக் காரில் கிளம்பியவர், மலையடிவாரத்துச் சேற்றில் புதைந்து திரும்பி வந்தார். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவதாவது? சடங்கு நின்றுபோனது.

அன்று முதல் கலைச்செல்வியின் மாமியார் வடிவம்மாள் வாயைத் திறந்தாலே 'மாமன் இல்லாத பிள்ளை'தான். இந்த முறை உச்சிப்பொழுதுக்குள் அண்ணன் வராவிட்டால், தன் தம்பி நயினார் மடியில் வைத்துக் குத்திவிடுவதாகவும் சொல்லிவிட்டாள். அப்படி நடந்தால் கலைச்செல்வி ஆயுசுக்கும் அந்த வீட்டில் தலைநிமிர முடியாது.

அதனால்தான் நாலு வீலும் இழுக்கும் இந்த ஜீப். அதனால்தான் மலைப்பாதையிலேயே தலை நரைத்த சுவாமிதாஸ். மனிதர் ஒரு வாரமாகக் கடைக்கு வந்து உபதேசம் செய்து காதைப் புண்ணாக்கியிருந்தார்.

"சேறு கண்டா டயர்ல காத்தக் கொறைக்கணும். வெள்ளத்துல எறங்கினா கியர் மாத்தப் பிடாது. ஆனை நின்னா ஹாரன் அடிக்கப் பிடாது. செக்போஸ்ட் கழிஞ்சா போன் கிட்டாது, சொல்ல உள்ளத முன்னமே சொல்லிரணும்."

அவர் சொன்னதையெல்லாம் இசக்கிப்பாண்டி வாங்கிவைத்தார். கயிறு, மண்வெட்டி, சாக்கு, அட்டை கடித்தால் தேய்க்க உப்பும் புகையிலையும். தங்கைக்குக் கொண்டுபோன கல்யாணச் சீர்கூட இவ்வளவு இல்லை.

"ரோட்டுல ஒவ்வொரு குழியும் மனப்பாடம்னு சொன்னீரேவே!"

"நேத்து வரை இந்தக் குழி இங்க இல்ல அண்ணாச்சி. கர்த்தருக்குத் தெரியும்."

இசக்கிப்பாண்டி இறங்கினார். தொடைவரை கலங்கல் தண்ணீர். முன் வீல் ஒன்று குழிக்குள் உட்கார்ந்திருந்தது. சாக்கை அதற்கு அடியில் திணிக்கப் பார்த்தார், சாக்கு மிதந்து போனது. தோளைக் கொடுத்துத் தள்ளினார், செருப்பு கழன்று போனது.

தலையில் பெட்டியோடு தண்ணீரில் நடந்து வந்த சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர், "அவிடெ நிக்கண்டா, குழியாணு," என்று சொல்லிவிட்டுப் போனார். குழிக்குள் நிற்கிறவனிடம் வந்து, அங்கே நிற்காதே, குழி என்று மலையாளத்தில் சொன்னால் அவன் என்னதான் செய்வான்?

அப்போதுதான் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. எஸ்டேட் ஆபீஸ் போனிலிருந்து கலைச்செல்வி.

"அண்ணே, எங்கண்ணே வாறிய?"

"தண்ணிக்குள்ள நிக்கோம் தாயி. வண்டி நின்னு போச்சு."

"ஆத்துக்கு வந்தாச்சா!" அவள் போட்ட கூச்சல் சுவாமிதாஸுக்கே கேட்டது. "அத்தே, எங்க அண்ணன் ஆத்துக்கு வந்துட்டாவ!"

"இல்ல தாயி, அது வந்து..."

"நீங்க ஒண்ணும் பேசாதிய. மொதல்ல கரையேறுங்க. இவியள கயிறோட அனுப்புதேன். ஆசாரி வந்து உக்காந்தாச்சு." போனை வைத்துவிட்டாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு தங்கை சந்தோஷமாகப் பேசியிருக்கிறாள். இசக்கிப்பாண்டி வேட்டியை இறுக்கிக் கட்டினார். அந்த வேகத்தில் மறுபடி தள்ளினார். சுவாமிதாஸும் இறங்கித் தள்ளினார். நாலு வீலும் இழுக்கும் வண்டி நாலு வீலும் நனைய அப்படியே நின்றது.

"யாராவது கயிறு கெட்டி இழுத்தா கேறிரும் அண்ணாச்சி."

"இழுக்க எவன்வே வாறான்? எல்லாவனும் வேடிக்கைல்லா பாக்கான்!"

மழை விட்டபாடில்லை. உச்சிப்பொழுது நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை கலைச்செல்வியின் குரல் அடங்கியிருந்தது.

"அண்ணே, கயிறு கொண்டு போனவிய திரும்பி வந்துட்டாவ. இங்க மழையே இல்ல. ஆத்துல கணுக்கால் தண்ணிதான் ஓடுதாம். உங்களையும் காணோம், ஜீப்பையும் காணோமாம்."

இசக்கிப்பாண்டி ஜீப்பில் சாய்ந்துகொண்டார்.

"அத்தை நயினார் மாமாவ மணையில உக்கார வச்சிட்டாவ. உண்மையச் சொல்லுங்கண்ணே. எங்கதான் நிக்கிய?"

அவர் கையிலிருந்த கம்மல் பெட்டியைப் பார்த்தார். சுவாமிதாஸ் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நம்ம கடைப் பக்கத்துல உள்ள தம்பானூர் பஸ் ஸ்டாண்டே இன்னும் தாண்டல, தாயி."