வெள்ளைக் கல்லில் இரண்டு வரிகள்

தூரிகையை மையில் தோய்த்துவிட்டுத் தச்சன் அப்படியே நின்றுவிட்டான்.

அவனுக்குப் பின்னால் அவன் மனைவி. அவள் இடுப்பில் நான்கு வயதுப் பையன். சற்றுத் தள்ளி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தச்சனின் அக்கா. இத்தனைக்கும் காரணம் அந்த மகராசிதான்.

எல்லோருக்கும் எதிரில் வெள்ளைக் கல். கல்லுக்குள் நான்.

அறிவுக்கும் எழுத்துக்கும் கடவுள் என்று என்னைப் பெரிதாகச் சொல்வார்கள். கூப்பிடுவதென்னவோ மைசாமி என்றுதான். என் வேலை சாப்பிடுவது. இந்தக் கல்லில் யாராவது பொய் எழுதினால், மை காய்வதற்குள் அதை நான் விழுங்கிவிட வேண்டும். உண்மையாக இருந்தால் அது என் வாய்க்கு வராது, கல்லிலேயே காய்ந்துவிடும். வியாபாரிகளின் பொய் புளிக்கும். ராஜாக்கள் தங்கள் வீரத்தைப் பற்றி எழுதியதை விழுங்கி விழுங்கி எனக்கு வயிறே கெட்டுப்போயிருக்கிறது.

ஆனால் இன்றுபோல் நான் ஒருநாளும் பயந்ததில்லை.

தச்சன் கப்பல் வேலைக்குக் கிளம்பியபோது அவன் மனைவி பிள்ளை உண்டாகியிருந்தாள். அவன் திரும்பி வந்தபோது பையனுக்குப் பல் முளைத்திருந்தது. அன்றிலிருந்து அக்கா ஓதிக்கொண்டே இருந்தாள். இது நம் வீட்டுக் காது இல்லை, இது நம் வீட்டு மூக்கு இல்லை என்று. கடைசியில் அவன் மனமும் கலைந்துவிட்டது. கல்லில் எழுதிப் பார்த்துவிடலாம் என்றான். எழுத்து மறைந்தால் பையன் இனி அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று அக்கா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

மனைவி மறுக்கவில்லை. மறுத்தால் அதையே சாட்சியாக்கிவிடுவார்கள். முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது.

அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். எல்லாம் தெரிந்தவனாக இருப்பதில் இதுதான் பெரிய தொல்லை.

தச்சன் எழுதினான்: இவன் என் மகன்.

பையனுக்கு அலுத்துவிட்டது. "அப்பா, தூக்கு" என்று கையை நீட்டினான். தச்சன் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

நான் வாயைத் திறந்தேன். வேறு என்ன செய்வது? எழுத்தின் ஓரத்தை நாக்கால் தொட்டு இழுத்தேன்.

வரவில்லை.

மறுபடியும் இழுத்தேன். கடைசிப் புள்ளிகூட அசையவில்லை.

மை காய்ந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் விட்ட பெருமூச்சில் வெளியே கொடியில் கிடந்த துணிகள் படபடத்தன.

அக்கா கிட்டே வந்து எழுத்தைத் தேய்த்துப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. வீட்டில் போட்டது போட்டபடி கிடக்கிறது என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

தச்சன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டான். தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றான். அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. அவன் கையிலிருந்த தூரிகையை வாங்கினாள்.

"நீ எதுக்கு எழுதணும்? பெத்தவள யாரு சந்தேகப்படப் போறா?" என்று அவன் சிரித்தான்.

அவள் கீழே இன்னொரு வரி எழுதினாள்: நான் இவன் அம்மா.

இதையும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

மை முழுதாகக் காயும்வரை அவள் மூச்சே விடவில்லை. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தச்சன் ஒன்றும் புரியாமல் பையனைத் தட்டிக்கொடுத்தபடி நின்றான்.

அவள் பெற்ற பிள்ளை ஒருநாள்கூட இருக்கவில்லை. அதைத் தன் கையாலேயே புதைத்துவிட்டுத் தனியாக அவள் திரும்பி வந்த வழியில், வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போன ஒரு படகுக்குள் இவன் பசித்து அழுதுகொண்டிருந்தான்.