சவரிமுத்துவின் நாய்க்கு இதயக் கோளாறு

நாய்களின் கழுத்துப்பட்டை அவற்றின் உடல்நிலையைத் தினமும் மாநகராட்சிக்குச் சொல்லிவிடும். மனிதர்களுக்கு அப்படி இலவசமாக எதுவும் இல்லை. நெஞ்சு வலித்த லாரி ஓட்டுநர் சவரிமுத்து, நாயின் பட்டையை மூன்று நாள் தன் கழுத்தில் கட்டிக்கொண்டான். நான்காம் நாள் நாய்வண்டி வந்தது.

"இதயம் போச்சுண்ணே. இதுக்கு ஊசி போட்டு முடிச்சிரணும்," என்றாள் ஊழியை.

"எப்படிக் குதிக்குது, பாரும்மா!"

"குதிக்கட்டும். பட்டை பொய் சொல்லாது. நீங்க எதும் அதை எடுத்து உங்க கழுத்துல மாட்டுனீங்களா?"

ஆமாம் என்றால் கெட்டுப்போன இதயம் அவனுடையது என்றாகும், லைசென்ஸ் போய்விடும்.

"நானா? எனக்கென்ன கிறுக்கா?"

"அப்ப காலை நீட்டச் சொல்லுங்க," என்று ஊசியை எடுத்தாள்.

"கை குடு," என்றான். நாய் உடனே முன்னங்காலைக் கொடுத்தது.