அளவு விரல்

நகைக்கடையில் மோதிரம் விற்கும் திலகேஸ்வரிக்கு நாற்பத்தொரு வயது. அவள் விரலில் இதுவரை ஏறிய நிச்சயதார்த்த மோதிரங்கள் எல்லாம் வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டிவிட்டுக் கழற்றியவை.

தான் மணக்கப்போகும் பெண்ணின் விரலளவு எடுத்த நூலைத் தொலைத்துவிட்டு ஒருவன் வந்தான். "அவ விரலும் உங்க விரல் மாதிரிதாங்க" என்று வைர மோதிரத்தைத் தானே மாட்டிவிட்டான். கையை இழுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

"லேப்ல செஞ்ச கல்லுன்னு பார்த்தா தெரியுமாங்க?"

"தெரியாது சார்."

"அவளுக்குத் தெரியவே கூடாது." ஆய்வகத்தில் செய்த வைரம் என்று எழுதியிருந்த சான்றிதழைத் திலகேஸ்வரியிடமே கொடுத்துக் கிழிக்கச் சொன்னான். அவள் அதை இழுப்பறையில் போட்டு வைத்தாள்.

நிச்சயம் முடிந்து அந்தப் பெண் வந்தாள். "லூசா இருக்குக்கா. இல்லேன்னாலும் போடப் பிடிக்கல. சுரங்கத்துல சின்னப் பிள்ளைங்கள வெச்சுத் தோண்டுறாங்களாம், வைரமே வேணாம்னு அவர்கிட்ட அவ்வளவு சொன்னேன். 'உனக்காகத்தானே அசல் வைரமா வாங்கினேன்'ங்கறாரு. நீங்களா இருந்தா போடுவீங்களா?"

திலகேஸ்வரி மோதிரத்தை வாங்கி, பழக்கத்தில் தன் விரலில் போட்டாள். கச்சிதமாக இருந்தது. அதைக் கழற்றாமலே குனிந்து, சான்றிதழ் கிடந்த இழுப்பறையைத் திறந்தாள்.