சிவப்புச் சட்டைப் படை

“புதுசா பெயின்ட் அடிச்ச படையை முன்னாடி நிறுத்துறியே, ஹெஸ்டர்! முதல் ஆட்டத்துலயே ஓடிடும், இந்தப் பொம்மைப் போர் ஆடுற எந்த கிளப்ல வேணா கேட்டுப் பாரு.” மேஜைமேல் பரப்பிய 1709-ஆம் ஆண்டுப் போர்க்களத்துக்கு அப்பாலிருந்து சிரித்தான் கணவன் டெரிக்.

“நிக்கும்.” சிவப்புச் சட்டை பொம்மை வீரர்களைப் பாலத்தில் நிறுத்தினாள் ஹெஸ்டர்.

“வீடு மாறினப்போ என் நீலச் சட்டைப் பசங்க மட்டும் தொலையாம இருந்திருந்தா, உன்னை எப்பவோ துரத்தியிருப்பேன். ஒரு ஆட்டத்துலகூட ஓடினதில்ல!”

“பேச்சைக் குறை. பகடையை உருட்டு.”

டெரிக்கின் குதிரைப்படை மூன்று முறை பாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பகடை உருட்டினாள் ஹெஸ்டர். பாலத்தில் நின்ற சிவப்புப் படை ஓடவில்லை, டெரிக் தோற்றான்.

“அதெப்படி ஓடாம நிக்கும்?” ஒரு வீரனை எடுத்து ஆத்திரத்தில் நகத்தால் சுரண்டினான். சிவப்புக்கு அடியில் நீலம் தெரிந்தது.

“உன் பசங்கதானே டெரிக், எப்படி ஓடுவாங்க?”