அமைதியான பந்த்

“பஜார் மொத்தமும் அடைச்சாச்சு சாமி. அந்தக் கஞ்சிக்கடை மாடத்தி மட்டும் அடுப்பு மூட்டியிருக்கா.”

செல்லதுரை வந்து இப்படிச் சொன்னதும் வெங்கிடேஸ்வரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையிலிருந்தே அவருக்கு எதுவும் சரியாக நடக்கவில்லை. ‘சும்மா பேருக்குத்தான்’ என்று சொல்லிக் கண்டனக் கமிட்டியின் செயலாளராக அவரைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். இப்போது பேர் அவருடையதென்றால் பாடும் அவருடையதுதான்.

பஞ்சாபில் தீவிரவாதிகள் ஒரு பஸ்ஸை மறித்துச் சுட்டிருந்தார்கள். செத்தவர்களில் ஒருவன் இந்த மட்டாஞ்சேரிப் பையன், வீரபாண்டி. பஞ்சாபில் கம்பளி மில்லில் வேலை பார்த்தவன். நேற்றுத் தந்தி வந்தது, நேற்றே கமிட்டி கூடியது, இன்றைக்கு பந்த்.

“ஒரு கடை திறக்காது, ஒரு கல்லும் விழாது. நான் பொறுப்பு” என்று வெங்கிடேஸ்வரன் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குக் கொடுத்திருந்தார். மிளகு மண்டியில் அவர் வாக்குக்கு ஒரு மதிப்பு உண்டு.

முதல் தகராறு பேனரில். ‘தீவிரவாதம்’ என்று எழுதுவதா, ‘பயங்கரவாதம்’ என்று எழுதுவதா? பெயிண்டர் தூரிகையோடு காத்துக்கொண்டு நின்றான்.

“ரெண்டும் ஒண்ணுதானே சாமி?” என்றார் செல்லதுரை. துணிக்கடைக்காரர். பந்த் என்றால் முதல் ஆளாகக் கடையைச் சாத்துகிறவர்.

“அதெப்படி ஓய் ஒண்ணாகும்? தீவிரவாதிங்கறவன் கொள்கையிலே முரடன். பயங்கரவாதின்னா, வாயிலே ஒரு நியாயத்தை வச்சிண்டு, அதிலே சம்பந்தமே இல்லாத ஜனங்க வயத்திலே புளியைக் கரைக்கறவன். மனசிலாச்சோ?”

“மனசிலாச்சு. ஒரு சாயாவுக்கு வழி உண்டா?”

“நாமளே பந்த் நடத்திண்டு நமக்கே சாயாவா?”

அடுத்தது எர்ணாகுளத்திலிருந்து வந்த பத்திரிகைக்காரர். பையனின் போட்டோ வேண்டும் என்றார். கமிட்டியில் யாரிடமும் இல்லை. வீடு எந்தச் சந்தில் என்றுகூடப் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

“ஊர்வலம் முடியட்டும். நானே நேரே போய் வாங்கித் தரேன்” என்றார் வெங்கிடேஸ்வரன், பல்லைக் கடித்துக்கொண்டு.

இத்தனைக்கும் மேலேதான் இந்த மாடத்தி.

சுக்கு குடோனை ஒட்டி அவள் கடை. முன்பலகை சாத்தியிருந்தது. பின்பக்கம் மட்டும் புகை. ஊர்வலம் மொத்தமும் சந்துக்குள் திரும்பிப் பின்பக்கம் போனது. பெரிய பானையில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மாடத்தி குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு என்ன நாள்னு உனக்குத் தெரியுமோ?”

“தெரியும் சாமி.”

“தெரிஞ்சுண்டேதானா இது? முன்னாடி பலகையைச் சாத்திட்டுப் பின்னாடி வியாபாரம். ஊர்ப் பிள்ளை செத்துப் போயிருக்கான், உனக்குக் கல்லாதான் பெரிசு.”

“ஏவாரத்துக்கு இல்ல சாமி, இது வந்து…”

“பின்னே அன்னதானமா?” என்றார் செல்லதுரை. கூட்டம் சிரித்தது.

யாரோ, “பீகரவாதம் துலையட்டே” என்று மலையாளத்தில் ‘பயங்கரவாதம் ஒழிக’ கோஷத்தை எடுத்துக் கொடுக்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மாடத்தியின் வாய் அசைந்தது. கையைத் தூக்கி எந்தப் பக்கமோ காட்டினாள். கோஷத்தில் ஒன்றும் காதில் விழவில்லை.

பின்வரிசையில் ஒருவன் குனிந்து கல் தேடினான்.

வெங்கிடேஸ்வரன் அதைப் பார்த்துவிட்டார். ஒரு கல் விழுந்தாலும் அவர் வாக்குப் போச்சு. சுற்றிலும் பார்த்தார். தண்ணீர்க் குடம் இருந்தது. தூக்கி அப்படியே அடுப்பில் கவிழ்த்தார்.

புஸ்ஸென்று சாம்பல் எழும்பியது. எழும்பியதில் பாதி, கஞ்சிப் பானைக்குள்ளேயே இறங்கியது.

மாடத்தி பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நாளைக்குத் திறந்துக்கோ. ஒருநாள் விக்கலேன்னா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போனார். போகிற வழியில் செல்லதுரையிடம், “பாத்தீரா, கல்லும் இல்லை, அடியும் இல்லை. காரியம் முடிஞ்சுது” என்றார். அன்று காலையிலிருந்து அவருக்குத் திருப்தியாக அமைந்த ஒரே காரியம் அதுதான்.

ஊர்வலம் முடிந்து, வெயில் சாய்கிற நேரத்தில், அவரும் செல்லதுரையும் நாலு பேரிடம் விசாரித்து வீரபாண்டியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாய்க்காலோரம் ஓட்டு வீடு. வாசற்படியில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பையனின் தம்பி தங்கைகள். உள்ளே அம்மா ஆவுடையம்மாள், சுவரில் சாய்ந்தபடி.

வெங்கிடேஸ்வரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்க பிள்ளைக்காக ஊரே துக்கம் அனுஷ்டிக்கறதம்மா. ஒரு கடை திறக்கலை. எங்கேயும் ஒரு அடுப்பு எரியலை.”

ஆவுடையம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். போட்டோ கேட்டார். எழுந்து போய்க் கண்ணாடிச் சட்டத்தோடு எடுத்து வந்து கொடுத்தாள்.

“ஒண்ணுதான் இருக்கு சாமி. பாத்துத் திருப்பித் தந்திருங்க.”

“கண்டிப்பா.”

அவர் படியிறங்கும்போது அவள் பின்னாலேயே வாசல் வரை வந்தாள். சந்து முனையை எட்டிப் பார்த்தாள்.

“வார வழியில மாடத்தியப் பாத்தீங்களா சாமி? எழவு வீட்டுல அடுப்பு மூட்டப்படாது, நான் கஞ்சி காய்ச்சிக் கொண்டாரேன்னு சொல்லிட்டுப் போனா. பிள்ளைங்க காலையிலருந்தே வாசல்லயே உக்காந்திருக்கு.”