பனம்பழம் விழுகிற காலம்

பனம்பழம் ஒன்று தொப்பென்று விழுந்தது.

கிணற்றடியில் நின்ற மா சான் வாளியைக் கைவிட்டு, அப்படியே மண்ணில் குப்புற விழுந்தாள்.

பனங்களி பிசைந்துகொண்டிருந்த மகாதேவி தலை நிமிர்ந்து பார்த்தாள்.

மா சான் அவளுடைய அண்ணை கதிரவேலுவின் மனைவி. பர்மாக்காரி. ரங்கூனில் யப்பான்காரரின் குண்டு விழத் தொடங்கியபின் இருவரும் கப்பலேறி, மாசியில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்கு வந்து சேர்ந்தார்கள். இப்போது ஆவணி. வளவுக்குள் பழம் விழும்போதெல்லாம் இதே கதைதான்.

முதல் நாட்களில் அயலட்டை வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்துச் சிரித்தது. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"உது பழம், பிள்ளை. குண்டில்லை. இஞ்சை உன்னை ஆர் என்ன செய்யப் போறான்?"

மா சான் தலையாட்டுவாள். விழுந்த பழத்தை எடுத்து மணந்துகூடப் பார்ப்பாள். அடுத்த பழம் விழும்போது அவளும் விழுவாள்.

இந்த மத்தியானம் ஊரே கண்ணயர்ந்து கிடந்தது. வேலிக்கு மேலே வெயில் தண்ணீர்போல அசைந்தது. பழ வாசம் வளவு முழுக்கக் கட்டி நின்றது. எங்கேயோ ஒரு செண்பகப் பறவை, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோலக் கூவிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு நேரத்தில் யாருக்கும் எந்தத் தீங்கும் வராது என்று மகாதேவிக்குப் பட்டது. மச்சாள் மட்டும் இங்கே இல்லை, வேறெங்கோ கிடக்கிறாள் என்றும் பட்டது.

என்ன நினைத்தாளோ, களி பூசிய கையோடு போய் அவளுக்குப் பக்கத்தில் தானும் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"நானும் படுத்திட்டன், மச்சாள்."

மண் சுட்டது. மேகம் நகர நகர, பனைகள் எல்லாம் வளவோடு சேர்ந்து மெல்ல மிதந்து போவதுபோல் இருந்தது. கப்பலில் போவது இப்படித்தான் இருக்குமோ?

முகத்தை மெல்லத் திருப்பினாள்.

நின்று பார்க்கிறவர்களுக்குச் சேலை மறைத்துவிடும். கிடந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. மா சான் மண்ணோடு ஒட்டிக் கிடக்கவில்லை. முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி, முதுகை உயர்த்திக் கவிந்திருந்தாள். அவளுடைய நெஞ்சுக்கும் மண்ணுக்கும் நடுவே வெறும் இடம். அந்த இடத்தைப் பார்த்து, தன் மொழியில், தூங்கவைக்கிற குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு சின்னப் பிள்ளை படுக்கிற அளவு இடம்.

ரங்கூனிலிருந்து வந்து இறங்கிய அன்று, பிள்ளை குட்டி ஏதும் உண்டோ என்றுதான் அம்மா முதலில் கேட்டாள். அண்ணை "இல்லை" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

வெகுநேரம் குளித்தார்.