கைவிடப்பட்டவர் சான்று

"மனுசனாம்மா அவன்? பன்னியக் குளிப்பாட்டி வேட்டி கட்டிவிட்டாப்புல இருப்பான்" என்றார் ஊராட்சித் தலைவர் சீனிச்சாமி. சொல்லும்போதே அவர் கண்ணில் நீர் கட்டியது. பக்கத்தில், காலடியில் ஒரு தகரப்பெட்டியோடு நின்ற முத்துப்பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் சமூக நல அதிகாரி ஞானசெல்வி. போடியிலிருந்து இந்த ஒன்றிய அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் வேட்டியைக் கண்டாலே அவருக்குக் குமட்ட ஆரம்பித்திருந்தது.

எண்பத்தேழாம் வருஷம் அது. சத்துணவுக்கூட ஆயா வேலையில் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு முன்னுரிமை, ஊராட்சித் தலைவரின் சான்று வேண்டும் என்று அறிவித்தார்கள். அவ்வளவுதான், கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே வாரத்தில் நானூறு புருஷன்மார் பெண்டாட்டிகளைக் கைவிட்டார்கள். கைவிட்ட கையோடு அவர்களையே சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து நேர்காணலுக்குக் கூட்டியும் வந்தார்கள்.

ஞானசெல்வி அதற்கொரு சோதனை வைத்திருந்தார். ஒருத்தி உள்ளே வந்ததும் பியூன் பிச்சைமணி வாசலுக்குப் போய், எதிர்ச்சாரி டீக்கடையைப் பார்த்து, இன்னார் மயங்கி விழுந்துட்டாக என்று கத்துவான். காலையிலிருந்து பதினொரு 'ஓடிப்போன' கணவன்கள் டீ கிளாஸும் கையுமாக ஓடிவந்து மாட்டியிருந்தார்கள். ஒருவன் பெண்டாட்டிக்குச் சோடா உடைத்துக்கொண்டே வந்தான்.

முத்துப்பேச்சியின் பெயரைச் சொல்லிப் பிச்சைமணி மூன்று தரம் தொண்டை கிழியக் கத்தினான். டீக்கடையில் ஓர் ஈகூட எழுந்திருக்கவில்லை.

அதிகாரியின் முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது. புருஷன் பெயர் என்ன என்று கேட்டார். அந்த ஊர்ப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கமில்லை. முத்துப்பேச்சி நிமிர்ந்து தலைவரைப் பார்த்தாள்.

"சான்றுலயே எழுதியிருக்கேன்மா. கருப்பணன். ஏலத்தோட்டத்துக்குன்னு கேரளாவுக்குப் போனவன்தான், அங்கன இன்னொருத்தியோட குடும்பம் நடத்துறான்" என்றார் சீனிச்சாமி.

அதோடு நிற்கவில்லை அவர். அந்தக் கருப்பணன் இவள் காதுத்தோட்டை விற்றுச் சீட்டாடினானாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் அனுப்பி, அந்தக் கூலியைப் பிடுங்கிக் குடித்தானாம். குழம்பில் உப்பு கூடிப்போனால் பெல்ட்டைக் கழற்றுவானாம்.

"பெல்ட்டு இல்லம்மா, செருப்பு" என்றாள் முத்துப்பேச்சி மெதுவாக. "மூக்குத்தியையும் வித்தாக."

"ஆமா... செருப்புத்தான்" என்று தலைவர் இருமினார்.

ஞானசெல்வி பேனாவை அழுத்திய அழுத்தத்தில் காகிதம் கிழிந்தது. "இப்படி ஒரு ஜென்மம். தூ." பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "சான்று பொய்யின்னு தெரிஞ்சா உங்க பதவி போகும். ஜெயிலுக்கும் போகணும். தெரியும்ல?"

"சத்தியம்மா. நான் சொன்னதுல ஒரு சொல்லு பொய்யின்னா என் நாக்கு அழுகட்டும்" என்று சீனிச்சாமி நாக்கை வேறு நீட்டிக் காட்டினார். வெற்றிலைக் காவியேறிய அந்த நாக்கைப் பார்க்கச் சகிக்காமல் அதிகாரி குனிந்து உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் இடமில்லை, மலையடிவாரத்துப் பள்ளியில்தான் இருக்கிறது, சமையல்கூடத்தை ஒட்டி ஓர் அறை உண்டு, பூட்டிக்கொண்டு தங்கலாம் என்றார்.

"தங்க வேண்டாம்மா, தெனம் பஸ்ஸுல போயிட்டு வந்துரும்" என்று தலைவர் அவசரமாகக் குறுக்கே வந்தார்.

"தங்கிக்கிறேன்மா" என்றாள் முத்துப்பேச்சி. உத்தரவைக் கையில் வாங்கியபின்னும் நகரவில்லை. "இவுக குடுத்த சான்று இங்கனயே இருக்குமாம்மா? யாரும் திருப்பி வாங்கிட்டுப் போயிர மாட்டாகள்ல?"

"அந்தப் பன்னியே நேர்ல வந்து நின்னாலும் குடுக்க மாட்டேன். நீ தைரியமாப் போ."

வெளியே வந்ததும் சீனிச்சாமியின் கண்ணீர் குழாயை மூடினாற்போல் நின்றது. பஸ் நிறுத்தத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டு, இடுப்பு வேட்டி நழுவுகிற அளவுக்குச் சிரித்தார்.

"எப்புடிப் புள்ள நம்ம நடிப்பு? நாலு பேரு பாவப்படட்டும்னு பெட்டியெல்லாம் தூக்கிட்டு வந்த பாரு, நீயும் கெட்டிக்காரிதான். மொதச் சம்பளத்துல எனக்கு ஒரு கைக்கெடியாரம். வா, கறி எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போவோம். இன்னைக்காவது உப்பப் பாத்துப் போடு."

மலையடிவாரத்துக்குப் போகிற பஸ் வந்து நின்றது. முத்துப்பேச்சி பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் படியில் ஏறினாள்.

"ஏய், எங்க ஏறுற? தாலி கட்டுன புருசன் கூப்புடுறேன், எறங்குடி" என்று பீடியை எறிந்துவிட்டுக் கத்தினார் சீனிச்சாமி.

அவள் கண்ணால் அலுவலகத்தைக் காட்டினாள். ஜன்னலில் ஞானசெல்வி நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவரின் கை தானாகவே ஒரு கும்பிடு போட்டது.

பஸ் நகர்ந்தது. முத்துப்பேச்சி குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"வாரேன் தலைவரே. நீங்க போட்ட கையெழுத்து பொய்யாயிரக் கூடாதுல்ல."